மீசையில் சாம்பல்

நவம்பர் 9, ஞாயிறு

டிரஸ்டி ஹோமி சேட் பம்பாயிலிருந்து போன் செய்தார். வருகிற டிசம்பர் பதினான்காம் தேதி நம் பார்சித் தீக்கோயிலுக்கு நூற்றுப் பதினைந்து வயது ஆகிறதாம். விழா எடுக்கப் போகிறார்கள். குஜராத்திலிருந்து பெரிய தஸ்தூர், அதாவது தலைமைப் பூசாரி, வருகிறார். வெளியூரிலிருந்து நாற்பது பேராவது வருவார்கள். ஒரு மலரும் அச்சடிக்கிறார்கள். "தீயோட வரலாற்றை நீங்கதான் எழுதணும் ஏதல்ஜி. ஈரான்ல ஆரம்பிச்சு உங்க ஊர் வரைக்கும்" என்றார். எத்தனை பக்கம் என்று கேட்டேன். நாலு பக்கம் போதுமாம். மூவாயிரம் வருஷத்துக்கு நாலு பக்கம்.

அதற்குக் குறிப்பு எடுக்கத்தான் இந்த நோட்டு. தமிழில் எழுதுகிறேன். கோயில் பதிவேடு குஜராத்தியில் இருக்கிறது. டிரஸ்டிகள் வந்தால் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். தமிழ் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் இந்தத் துறைமுகத்து ஊரில் பிறந்து முனிசிபல் பள்ளிக்கூடத்தில் படித்தவன். முழங்கால் வலி, மூலம், டிரஸ்டிகள் ஆகிய மூன்றையும் பற்றி மனம்விட்டு எழுத இதைவிடத் தோதான மொழி எனக்குக் கிடையாது.

பிற்பாடு யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும். எனக்கு அறுபத்தாறு வயது. இந்தக் கோயிலின் ஒரே பூசாரி. நாளுக்கு ஐந்து வேளை கைகால் கழுவி, வெள்ளை உடுத்தி, மூக்கையும் வாயையும் மூடி வாய்த்துணி கட்டி, உள்ளே போய்க் கலசத்தில் எரியும் தீக்கு விறகு வைத்து, மந்திரம் சொல்லி, மணி அடிக்க வேண்டும். மனிதன் மூச்சு எங்களுக்கு எச்சில். அது தீயின் மேல் படக்கூடாது. அதற்குத்தான் அந்தத் துணி. அப்பா காலத்தில் மூன்று பூசாரிகள் இருந்தோம். பிறகு இரண்டு. பதினோரு வருஷமாக நான் ஒருவன். ஐந்து வேளையில் இரண்டு ராத்திரியில் வருகிறது. பதினோரு வருஷமாக நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கியதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

விடாத மழை. அடுத்த தெருவில் விறகுத் தொட்டி வைத்திருக்கும் தெய்வானை வந்தாள்.

"சாமி, கருவேலங்கட்டை கெடைக்கல. கெடச்ச கொஞ்சமும் நனஞ்சி கீது. ரெண்டு நாள் சாக்குப் போட்டு மூடி வெச்சி எடுத்தாறேன்."

"இருக்கிறது மூன்று நாளைக்கு வரும். மறந்துடாதே."

"முப்பது வருசமா மறந்தேனா? நான் போட்ட வெறகு எரியறத நானே பாக்கக்கூடாதுன்றீங்க. அப்பவும் வெறகு போட்டுனுதான் கீறேன்."

இதை வருஷத்துக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுவாள். எங்கள் ஆட்கள் தவிர யாரும் தீயைப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம்.  

வாங்க வேண்டியது: இருமல் மருந்து, விளக்குக்கு நல்லெண்ணெய், தீப்பெட்டி, பருப்பு.

நவம்பர் 13, வியாழன்

மலருக்கு ஒரு பக்கம் எழுதினேன். பழைய பாரசீகத்தில் பிள்ளைகளுக்கு மூன்று பாடந்தானாம்: குதிரை ஏறுவது, வில் எய்வது, உண்மை பேசுவது. எனக்கு முதல் இரண்டும் வராது. அந்தக் காலத்து ராஜா ஒருவர், என் நாட்டைப் பகைவர் படையிடமிருந்தும் பஞ்சத்திடமிருந்தும் பொய்யிடமிருந்தும் காப்பாற்று என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். படைக்கும் பஞ்சத்துக்கும் சமமாகப் பொய். எங்கள் மதத்தில் தீதான் உண்மைக்கு அடையாளம். மற்றவர்கள் சாமி சிலைக்கு முன் நிற்பதுபோல நாங்கள் அதன் முன் நிற்கிறோம்.

குல்மாய் வந்தார். எண்பத்து நாலு வயது. இரண்டு கண்ணும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. தினமும் காலையில் ரிக்‌ஷாவில் வந்து, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து, தீயின் சூடு முகத்தில் படும் இடத்தில் உட்கார்ந்துகொள்வார். இந்த ஊரில் மிஞ்சியிருக்கும் பார்சிகள் பதினேழு பேர். தினமும் வருகிறவர் அவர் ஒருவர்தான். நான் பிறந்தபோது என்னைத் தூக்கியவர். இன்னும் 'திக்ரா' என்றுதான் கூப்பிடுவார், மகனே என்று அர்த்தம். நான் 'மாய்' என்பேன், அம்மா. எங்களுக்குள் பேச்சு குஜராத்தியில்தான்.

அவர் மகள் ரோஷனுக்குக் கோயம்புத்தூரில் இருபத்தைந்தாம் தேதி இதய ஆபரேஷன். "இந்தத் தீக்கு முன்னாலதான் எனக்குக் கல்யாணம் நடந்தது. இதுக்கிட்டயே கேட்டுடறேன்" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாம் பக்கம் முடிந்தது. அரபுப் படை வந்தது, ராஜ்யம் போனது, பூசாரிகள் தீயை மண்சட்டியில் சாம்பல் மூடி மலைக்கும் பாலைவனத்துக்கும் எடுத்துக்கொண்டு ஓடியது. கொஞ்சம் பேர் கப்பலேறிக் குஜராத் வந்தார்கள்.

ஊரில் எல்லாரும் இந்தத் தீயே ஈரானிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அப்படி இல்லை. இது 1899இல் இங்கேயே உண்டாக்கியது. ஆனால் உண்டாக்கும் முறை அங்கிருந்து வந்தது. நாலு வகை வீட்டு அடுப்பிலிருந்து தீ எடுக்க வேண்டும்: பூசாரி வீடு, போர்வீரன் வீடு, உழவன் வீடு, கைத்தொழில்காரன் வீடு. தொட்டு எடுக்கக்கூடாது. ஓட்டைக் கரண்டியில் சந்தனச் சிராய் வைத்து நெருப்புக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தால் சூட்டிலேயே அது பற்றும். அப்படிப் பற்றியதற்கு மேலே இன்னொரு கரண்டி. அதற்கு மேலே இன்னொன்று. ஜோடி ஜோடியாகப் பூசாரிகள் வாரக்கணக்கில் மந்திரம் சொல்லிச் செய்வது. இன்றைக்கு அத்தனை பூசாரிகளுக்கு எங்கே போவது?

எழுதி முடித்ததும் குளிர ஆரம்பித்தது.

நவம்பர் 18, செவ்வாய்

காய்ச்சல். காற்று பலம். விறகறைக் கூரை ஒழுகுகிறது.

நவம்பர் 19, புதன்

மழை. விறகு ஈரம். மதிய வேளைக்குக் கொஞ்சம் தாமதம். தீ தணிந்திருந்தது. சரி செய்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

காய்ச்சல் குறைந்திருக்கிறது. குல்மாய் வந்து உட்கார்ந்தார். நான் விறகு வைத்துவிட்டு வந்தேன்.

"திக்ரா, இன்னைக்கு வாசனை வேற மாதிரி இருக்கே?"

"விறகு ஈரம், மாய்."

"ஈர விறகு எனக்குத் தெரியாதா? இது வேற."

"மழை நாள்ல அப்படித்தான் இருக்கும்."

தலையை ஆட்டினார். கரண்டியில் சாம்பல் நீட்டினேன். எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று இன்னொரு சிட்டிகையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

நவம்பர் 21, வெள்ளி

தெய்வானை நல்ல காய்ந்த கட்டையாகக் கொண்டுவந்து அடுக்கினாள். அடுக்கிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சாமி, புதங்கெழம மழையில ஓடியாந்து காஞ்ச கட்ட கேட்டீங்களே, அன்னிக்கி இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆகலை. விறகு நனைஞ்சுபோச்சு."

"இல்ல, மூஞ்சி பூரா சாம்பலு. மீசையில, புருவத்துல எல்லாம். எங்கூட்ல அடுப்பு ஊதினா எனக்கு அப்படித்தான் ஆவும்."

"கூரையிலேர்ந்து தூசி விழுந்தது."

"தூசியா?" என்றாள். பிறகு, "ஒடம்ப பாத்துக்கோங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாய்த்துணி கட்டியிருந்தால் மீசையில் எப்படிச் சாம்பல் ஒட்டும் என்று கேட்க அவளுக்குத் தெரியாது. அந்தமட்டில் பிழைத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மூன்றாம் பக்கத்துக்காக அப்பாவின் அலமாரியைக் குடைந்தேன். குஜராத்துக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களுக்குச் சில நூறு வருஷத்தில் பாதி வழக்கம் மறந்துபோயிற்று. சந்தேகங்களை எழுதி ஆளிடம் கொடுத்து ஈரானுக்கு அனுப்புவார்கள். யஸ்த், கிர்மான் பக்கம் ஒளிந்து வாழ்ந்த பூசாரிகள் பதில் எழுதுவார்கள். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் கேட்டவரே செத்திருப்பார். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் எழுதியவர் தன் பெயர், அப்பன் பெயர், தாத்தன் பெயர், எழுதிய நாள் எல்லாம் போட்டு, தவறு இருந்தால் திருத்துங்கள், என்னைச் சபிக்காதீர்கள் என்று முடித்திருப்பார். அப்பா கையால் பிரதி எடுத்த கட்டு ஒன்று இருக்கிறது. பிணம் பட்ட பாத்திரம், தீட்டு, கடல் பயணம், நாய், சந்தனம் என்று கேள்விகள். ஒரு சாம்ராஜ்யத்துக்கு உண்டான அத்தனை சந்தேகமும் அந்தச் சின்ன ஜனத்துக்கு இருந்திருக்கிறது.

மூன்று மணி நேரம் தேடினேன். மலருக்காகத்தான்.

நான் தேடிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. அல்லது அப்பா அதைப் பிரதி எடுக்கவில்லை.

இங்கே ஒன்று எழுதிவைக்கிறேன். புதன்கிழமை தீ மிகவும் தணிந்திருந்தபடியால் சன்னதி வாசலில் தொங்கும் எண்ணெய் விளக்கிலிருந்து கொஞ்சம் உதவி எடுத்துக்கொண்டேன். அந்த விளக்கு இந்தத் தீயிலிருந்து ஏற்றியதுதான். மகனிடமிருந்து அப்பன் கடன் வாங்குவதில் தப்பில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

ஆபரேஷன். குல்மாய் காலை ஏழு மணியிலிருந்து தீயின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தேன். மணிக்கொரு தடவை, "நல்லா எரியுதா திக்ரா?" என்று கேட்டார். நல்லா எரியுது என்றேன். அது உண்மை. மாலை ஐந்தரைக்கு மாப்பிள்ளை போன் செய்தார். ரோஷன் கண் விழித்துவிட்டாள். குல்மாய் தரையில் நெற்றி பட விழுந்து அழுதார். நான் மணி அடிக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

ஹோமி சேட் போன். கட்டுரை எங்கே என்றார். கடைசிப் பக்கம் பாக்கி என்றேன். தலைப்பை அவரே வைத்துவிட்டாராம்: 'ஒருபோதும் அணையாத தீ.'

அந்த எண்ணெய் விளக்கு பதினெட்டாம் தேதிக் காற்றில் அணைந்துபோயிருந்தது. காய்ச்சலோடு நான்தான் தீக்குச்சி கிழித்து ஏற்றினேன். விளக்குத்தானே என்று. ஆகவே ஞாயிற்றுக்கிழமை எழுதியது சரியில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. மந்திரம் தானாக வாயில் வருகிறது. ஏழு வயதில் அர்த்தம் தெரியாமல் நெட்டுருப் போட்டது, என்னைக் கேட்காமலே ஓடுகிறது. அதற்கு எது உண்மைத் தீ, எது இல்லை என்று தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. நாளுக்கு ஐந்து தடவை தெரிகிறது.

எழுதிவிடுகிறேன். பத்தொன்பதாம் தேதி மாத்திரை போட்டுக் காலை பத்து மணிக்குப் படுத்தவன் மாலை நாலே காலுக்குத்தான் எழுந்தேன். மதிய வேளைக்குத் தாமதம் இல்லை, மதிய வேளையே போய்விட்டது. உள்ளே போனேன். காலையில் வைத்த ஈரக்கட்டைகள் புகைந்து கறுத்துக் கிடந்தன. இடுக்கியால் சாம்பலைக் கிளறினேன். அடியில் மாதுளை முத்து அளவுக்கு ஒரே ஒரு பொறி இருந்தது. இருந்தது. நான் பார்த்தேன். சந்தனச் சிராயை மேலே வைத்தேன். சிராயும் நமுத்திருந்தது.

அப்போது செய்யவேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். சாம்பலால் மூடிவிட்டு, ஓடிப்போய்க் காய்ந்த சிராய் கொண்டுவந்து, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். நாற்பத்தொரு வருஷம் பூசாரியாக இருந்தவன் அதைச் செய்யவில்லை. வாய்த்துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டுக் குனிந்து ஊதினேன். சமையலறையில் பால் அடுப்பை ஊதுவது மாதிரி, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினேன். சாம்பல் கிளம்பி முகமெல்லாம் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பொறி இல்லை.

தானாக அணையவில்லை. என் மூச்சுதான் அணைத்தது. அதற்குப் பிறகுதான் தெய்வானையிடம் ஓடிக் காய்ந்த கட்டை வாங்கிவந்து, விளக்கிலிருந்து ஏற்றியது எல்லாம்.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

டிசம்பர் 3, புதன்

ஹோமி சேட்டிடம் சொல்லிவிட்டேன். என்றைக்கு என்று தேதியைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றார்.

"இல்லை."

"அப்போ சொல்லாதீங்க. தஸ்தூருக்கு டிக்கெட் போட்டாச்சு. வெளியே தெரிஞ்சா இந்தக் கோயிலை மூடறதைத் தவிர வேற வழியில்லை. பதினேழு பேருக்காக யார் வந்து மாசக்கணக்கா உட்கார்ந்து புதுத் தீ உண்டாக்குவாங்க? நீங்களே சொல்லுங்க. ஈர விறகு, தீ தணிஞ்சது. அணையலை. அப்படித்தான் நடந்தது."

"அப்படி நடக்கலையே சேட்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லை ஏதல்ஜி. காய்ச்சல்ல என்ன பார்த்தோம்னு யாருக்குத் தெரியும்? விழா முடியட்டும். பம்பாய்ல நம்ம காலனியில உங்களுக்கு ஒரு வீடு ஏற்பாடு பண்றேன். லிஃப்ட் இருக்கு. நிம்மதியா தூங்கலாம்."

டிசம்பர் 6, சனி

கோபப்பட்டேன் என்று எழுத ஆசை. இல்லை. மூன்று நாளாக அந்த லிஃப்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி எழுந்திருக்க வேண்டாம். காலையில் ஏழு மணிக்கு யாரோ டீ கொண்டுவருவார்கள். கட்டுரையின் கடைசிப் பத்தியையும் எழுதி அனுப்பிவிட்டேன். 'அன்றிலிருந்து இன்றுவரை' என்று முடித்தேன்.

டிசம்பர் 10, புதன்

குல்மாய் வந்தார். கையில் முழங்கை நீளத்துக்குச் சந்தனக்கட்டை. அவர் கல்யாணத்துக்குப் புருஷன் வீட்டார் கொடுத்தது. அறுபத்து மூன்று வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தாராம்.

"ரோஷன் நேத்து நடந்தாளாம். இதை விழா அன்னைக்கு வை திக்ரா. முழுசா வை. அவளைக் காப்பாத்தின தீ."

வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன்.  திரும்பிவந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் கத்தியது.

எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கியது, பொறி, ஊதியது, தீக்குச்சி, வாசனை கேட்டபோது பொய் சொன்னது, ஹோமி சேட் சொன்னது. லிஃப்டைக்கூடச் சொன்னேன்.

"ஆபரேஷன் அன்னைக்கு நான் முன்னால உட்கார்ந்திருந்தேனே, அது?"

"அது தீக்குச்சியில ஏத்தினது, மாய்."

"நல்லா எரியுதான்னு கேட்டேன்."

"ஆமா."

அவர் கை நீண்டது. அடிப்பார் என்று நினைத்தேன். என் மடியிலிருந்த சந்தனக்கட்டையைத் தடவி எடுத்துக்கொண்டார். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நான் பிடிக்கப் போனபோது கையை விலக்கினார். நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளாமல் அவர் போனது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 11, வியாழன்

பதிவேட்டை எடுத்துக் குஜராத்தியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கடைசியில் அந்தப் பழைய கடிதக்காரர்கள் மாதிரியே போட்டேன்: எழுதியவன் ஏதல்ஜி, பர்ஜோர்ஜி மகன், மானெக்ஜி பேரன், தவறு செய்தவனும் இவனே. படம் எடுத்து ஹோமி சேட்டுக்கும் தஸ்தூருக்கும் அனுப்பினேன். சேட் பதினோரு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. தஸ்தூர் ஒரு வரி எழுதினார்: விழாவை நிறுத்தச் சொல்லிவிட்டேன், மற்றதை யோசிக்க வேண்டும்.

எந்தத் தீயையும் நாங்கள் வேண்டுமென்று அணைப்பதில்லை. அதனால் கலசத்துத் தணலை இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு பின்கட்டில் என் வீட்டு அடுப்பில் போட்டேன். அம்மா காலத்து அடுப்பு. பருப்பு வைத்தேன். தெய்வானை விறகோடு வந்து வாசலில் நின்றாள்.

"இங்கே கொண்டு வா. இனி கோயிலுக்கு விறகு வேண்டாம்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

சமையலறை வாசற்படியில் நின்று அடுப்பையே பார்த்தாள்.

"இதானா சாமி?"

"இதுவும் அது இல்லை. அதுக்குப் பதிலா இருந்தது."

"நம்மூட்டு அடுப்பாட்டம்தான் கீது" என்றாள். அவள் குரலில் ஏமாற்றம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அடுப்பு புகைந்தது. பழக்கத்தில் குனிந்து வாயால் ஊதினாள். தடுக்கக் கையைத் தூக்கினேன். பிறகு இறக்கிக்கொண்டேன். குப்பென்று பற்றியது. அவள் ஊதினால் பற்றுகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

நூற்றுப் பதினைந்தாம் வருஷ விழா. யாரும் வரவில்லை. அச்சான மலர்களின் கட்டு மட்டும் கூரியரில் வந்தது. பிரிக்கவில்லை.

பத்து மணிக்கு ரிக்‌ஷா சத்தம் கேட்டது. குல்மாய். சுவரைத் தடவிக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். சூடு இல்லை. 

"ரோஷன்கிட்ட சொன்னேன். சிரிச்சா. தீக்குச்சியாவது எரிஞ்சுதேம்மான்னா." அவர் சிரிக்கவில்லை. "எனக்கு உன்மேல கோபம் போகலை திக்ரா. போகும்னும் தோணலை."

"சரி, மாய்."

பையிலிருந்து சந்தனக்கட்டையை எடுத்து என் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தார். "பத்திரமா வை. தீ வந்ததும் போடு."

"நாலு வீட்டுத் தீ வேணும், பூசாரிகள் வேணும். வருஷக்கணக்காகலாம். வராமலே போகலாம், மாய்."

"எனக்கு எண்பத்து நாலுதானே ஆகுது" என்றார்.

ரிக்‌ஷாவரை கொண்டுபோய் விட்டேன். இந்தத் தடவை கையை விலக்கவில்லை. கட்டையைத் துணியில் சுற்றி, அப்பாவின் கடிதக்கட்டு இருக்கும் தட்டில் வைத்தேன்.

மதியம் படுத்தேன். பதினோரு வருஷத் தூக்கம். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் சாய்ந்திருந்தது. ஐயோ என்று எழுந்து, செருப்பில்லாமல் முற்றத்தைத் தாண்டி, வாய்த்துணியைக் கட்டிக்கொண்டே சன்னதிக்குள் ஓடிவிட்டேன். கலசம் துடைத்து வைத்தபடி இருந்தது. அணைவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வரச் சற்று நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அழுதேன்.